ஜாவா: கல்லும் கூத்தும்

ஞாயிறு, ஜகார்த்தா

தேசிய அருங்காட்சியகத்தை இந்த ஊர்க்காரர்கள் முழுப் பெயரில் சொல்வதில்லை. டாக்சிக்காரரிடம் "யானை மியூசியம்" என்றேன், உடனே தலையாட்டினார். வாசலில் ஒரு வெண்கல யானை நிற்கிறது. 1871-ல் வந்துபோன சயாம் மன்னர் சுலாலங்கோர்ன் கொடுத்த பரிசு. 2023 செப்டம்பரில் கட்டடத்தின் ஒரு பகுதி தீப்பிடித்து எரிந்தது. ஓராண்டுக்கு மேல் மூடிக் கிடந்துவிட்டு 2024 அக்டோபரில்தான் மறுபடி திறந்தார்கள். விடுமுறை நாள் என்பதால் குடும்பம் குடும்பமாகக் கூட்டம். பாதிப் பேர் யானையோடு படம் எடுத்துக்கொண்டு அப்படியே திரும்பிவிடுகிறார்கள்.

நான் பார்க்க வந்தது யூபத் தூண்களை, அதாவது கல்வெட்டு வெட்டிய வேள்வித் தூண்களை. கிழக்குக் கலிமந்தானில், கூத்தாய் என்ற இடத்தில் கிடைத்தவை. காலம் ஏறக்குறைய கி.பி. 400. மொழி சமஸ்கிருதம், எழுத்து பல்லவ எழுத்து. மூலவர்மன் என்ற அரசன் யாகம் செய்து அந்தணர்களுக்கு 20,000 பசுக்கள் தானம் கொடுத்ததைச் சொல்கின்றன. இந்தோனேசியப் பள்ளிப் புத்தகங்களில் எழுதப்பட்ட வரலாறு இங்கேதான் தொடங்குகிறது.

பசுக் கணக்கை விட்டுவிடலாம், தானக் கல்வெட்டுகள் எந்த ஊரிலும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லும். என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த வம்ச வரிசை. மகன் மூலவர்மன், அப்பா அசுவவர்மன், தாத்தா குண்டுங்கா. தாத்தா பெயரில் சமஸ்கிருத வாசனையே இல்லை, முழுக்க உள்ளூர்ப் பெயர். கடல் கடந்து வந்தவர்கள் ஆட்சியைப் பிடித்து வைத்த பெயர்களாக இவை தெரியவில்லை. உள்ளூர்த் தலைவன் வீட்டில் ஒரு தலைமுறையில் பெயர் மாறியிருக்கிறது. ஆனால் புதுப் பெயர் வந்துவிட்டதே என்று தாத்தாவை யாரும் மறைக்கவில்லை. அவரையும் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். இந்தப் பயணம் முழுக்க எனக்கு இந்தக் குண்டுங்கா நினைவில் இருப்பார் என்று நினைக்கிறேன்.

தமிழர்கள் தேடிப் பார்க்க வேண்டிய கல் இன்னொன்றும் இந்தச் சேகரிப்பில் உண்டு. வடசுமத்ராவின் பாருஸ் துறைமுகத்துக்குப் பக்கத்தில் லோபு துவாவில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு, ஆண்டு 1088. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர் கூடி, மரக்கலத்தில் வருகிறவர்கள் கஸ்தூரி விலையை ஒட்டி இவ்வளவு பொன் கட்ட வேண்டும் என்று முடிவெடுத்த செய்தி. நான் போன அன்று அது பார்வைக்கு இல்லை. வருத்தம்தான்.

அப்புறம் பிரஜ்ஞாபாரமிதை. கிழக்கு ஜாவாவின் பழைய அரசான சிங்கசாரியில் கிடைத்த, 13-ஆம் நூற்றாண்டுச் சிலை. டச்சுக்காரர்கள் லெய்டனுக்குக் கொண்டுபோய், 1978-ல் திருப்பிக் கொடுத்தது. பௌத்த தேவி என்று அறிவிப்புப் பலகை சொல்கிறது. பக்கத்தில் நின்ற ஒரு அம்மா தன் பெண்ணிடம் "கென் தெதெஸ் ராணி" என்று சொல்லிக்கொண்டிருந்தார். சிங்கசாரி அரசியின் உருவம்தான் இது என்பது மக்கள் நம்பிக்கை. அரசியோ தேவியோ, அந்த இடுப்புத் துணியில் செதுக்கியிருக்கும் பூ வேலையைப் பார்க்க வேண்டும். கல்லா துணியா என்று கண் தடுமாறும்.

இப்போது இப்படித் திரும்பி வருவது ஒரு வேகம் பிடித்திருக்கிறது. 2023-ல் சிங்கசாரியின் துர்க்கை, கணேசர் உட்பட நானூறுக்கும் மேற்பட்ட பொருட்களை நெதர்லாந்து திருப்பித் தந்தது. 1891-ல் ஓஷேன் துபுவா த்ரினிலில் கண்டெடுத்த 'ஜாவா மனித' (ஆதி மனித) மண்டையோடு அடங்கிய சேகரிப்பையும் தருவதாக 2025-ல் அறிவித்தார்கள்.

திங்கள், ரயிலில்

கம்பீர் நிலையத்திலிருந்து யோக்யகர்த்தா வரை பகல் ரயில். ஜன்னலில் வயல், தென்னை, மறுபடி வயல். அரை மணி நேரம் ஜாவா என்பதையே மறந்துவிட்டேன்.

பக்கத்து இருக்கையில் பாண்டுங்கைச் சேர்ந்த கல்லூரிப் பெண். யோக்யாவில் படிக்கிறார். கிழக்கு ஜாவாவில் மஜாபாஹித் பேரரசின் பழைய தலைநகரைப் பார்க்கப் போகிறேன் என்றதும் சிரித்தார். "பாக் (ஐயா), நான் சுண்டாக்காரி. எங்கள் ஊரில் அந்தப் பெயரைச் சொன்னால் பெரியவர்கள் முகம் மாறும்."

பாண்டுங் இருக்கும் மேற்கு ஜாவாதான் சுண்டா. விஷயம் 1357-ல் நடந்தது. மஜாபாஹித் அரசன் ஹயாம் வுருக்குக்குப் பெண் கொடுக்கச் சுண்டா அரசர் மகளோடும் பரிவாரத்தோடும் புபாத் வரை வந்தார். கல்யாணமாக வேண்டாம், கப்பமாகப் பெண்ணை ஒப்படை என்றானாம் மந்திரி கஜா மடா. சண்டை மூண்டது. சுண்டா அரசர் மாண்டார், இளவரசி உயிரை மாய்த்துக்கொண்டாள். பிற்காலத்து ஏடுகள் சொல்லும் கதை இது. ஆனால் அறுநூறு வருஷமாக யாரும் விட்டபாடில்லை. பாண்டுங்கில் மஜாபாஹித், ஹயாம் வுருக் பெயர்களில் சாலை வந்ததே 2018-ல்தான். அதற்கு முந்தைய ஆண்டு யோக்யா தன் சாலைகளுக்குச் சிலிவாங்கி, பஜாஜாரன் என்று சுண்டாப் பெயர்களை வைத்தது. ஆளுநர்கள் பேசி வைத்துச் செய்துகொண்ட சமாதானம்.

"இப்போது கோபம் இல்லையா?" என்றேன்.

"எனக்கு இல்லை பாக். என் பாட்டியிடம் கேட்காதீர்கள்."

இந்தோனேசியாவின் பண்பாடு என்று பேசும்போது ஜாவாவை மட்டுமே காட்டுகிறார்கள் என்ற குறை பப்புவாவிலும் சுமத்ராவிலும் மட்டுமல்ல, ஜாவாத் தீவின் மேற்குப் பாதியிலேயே இருக்கிறது. நானும் ஜாவாவைத்தான் சுற்றப்போகிறேன், ஆகவே இதை முன்னாலேயே எழுதிவைத்துவிடுகிறேன்.

செவ்வாய், பிரம்பானான்

காலை ஏழு மணிக்கே வெயில் உறைக்கிறது. 47 மீட்டர் உயரச் சிவன் கோயில், இரு பக்கமும் பிரம்மாவும் விஷ்ணுவும். கி.பி. 856 கல்வெட்டு ஒன்று இதைச் சிவகிருகம் என்கிறது. மொத்தம் 240 கோயில்கள் இருந்த வளாகம். சுற்றிலும் இருந்த 224 சிறு கோயில்களில் எழுந்து நிற்பவை வெகு சில, மற்றவை கற்குவியல். போதிய அளவு மூலக் கல் கிடைத்தால் மட்டுமே அடுக்குவது என்பது விதி. அதனால் சிவன் கோயிலே 1953-ல்தான் முழு வடிவம் பெற்றது. திறந்து வைத்தவர் சுகர்னோ. பிரம்மா கோயிலுக்கு 1987, விஷ்ணு கோயிலுக்கு 1991. 2006 நிலநடுக்கத்தில் மறுபடி அடி வாங்கியது. புதுக் குடியரசு தன் முகத்தைக் கட்டிக்கொண்டபோது கூடவே இந்தக் கோயிலையும் கட்டியிருக்கிறது என்று சொல்லலாம்.

சிவன் கோயில் கைப்பிடிச் சுவரின் உட்புறம் ராமாயணச் சிற்பங்கள். கிழக்கு வாசலில் ஆரம்பித்து வலமாகப் போனால் கதை ஓடும். கம்பனில் ஊறியவர்கள் ஒரு இடத்தில் நின்றுவிடுவார்கள். ராவணன் சீதையைத் தூக்கிக்கொண்டு போகிறான். ஜடாயு குறுக்கே வருகிறது. சீதை தன் மோதிரத்தைக் கழற்றி ஜடாயுவிடம் கொடுக்கிறாள்! ஜடாயு அதை ராமனிடம் சேர்க்கிறது. வால்மீகியில் இது இல்லை, கம்பனிலும் இல்லை. மலாய் மொழி ராமகதையில் இருக்கிறது. சேது கட்டும் காட்சியில் வானரங்கள் பாறையைக் கடலில் போட, கீழே மீன்கள் வாயைத் திறந்து கல்லை வாங்கிக்கொள்கின்றன. ஒரு மீனின் வாயில் கல் பாதி உள்ளே, பாதி வெளியே. செதுக்கியவருக்குக் கடலும் மீனும் நன்றாகப் பழக்கம் போலிருக்கிறது.

தெற்குக் கருவறையில் தாடியும் தொப்பையுமாக நிற்பவர் அகத்தியர். காவலர் அவரை "பத்தாரா குரு" என்கிறார். பொதிகை மலைக்காரர் இங்கே என்ன செய்கிறார் என்று நமக்குத் தோன்றும். ஜாவாவில் அவர் வழிபாடு பழையது. மலாங்கிற்குப் பக்கத்தில் கிடைத்த தினோயோ கல்வெட்டு, சந்தன மரத்தில் இருந்த அகத்தியர் உருவத்தை எடுத்துவிட்டுக் கஜாயனா என்ற அரசன் கருங்கல்லில் செய்துவைத்ததாக 760-ல் சொல்கிறது. சந்தனச் சிலை பழுதாகும் அளவுக்கு முன்னாலிருந்தே அகத்தியர் அங்கே இருந்திருக்கிறார் என்று அர்த்தம்.

வடக்குக் கருவறையில் எருமை மேல் எட்டுக் கை துர்க்கை. உள்ளூரில் அவள் ரோரோ ஜொங்ராங். ஒரே ராத்திரியில் ஆயிரம் கோயில் கட்டினால் உன்னை மணக்கிறேன் என்று பாண்டுங் பொண்டோவோசோவிடம் சொன்ன இளவரசி. பூதங்களை வைத்து அவன் 999 முடித்துவிட்டான். அவள் ஊர்ப் பெண்களை எழுப்பி நெல் குத்தச் சொல்ல, சேவல்கள் விடிந்துவிட்டதென்று கூவிவிட்டன. ஏமாந்தவன் சபித்தான், அவளே ஆயிரமாவது சிலையானாள். காதலிப்பவர்கள் சேர்ந்து இங்கே வந்தால் பிரிந்துவிடுவார்கள் என்று இன்றும் ஒரு பேச்சு. என் வண்டியோட்டி மாஸ், கல்யாணம் ஆகும்வரை மனைவியை இங்கே கூட்டி வரவில்லையாம். "எதற்கு வம்பு?" என்கிறார். தொழுகை தவறாதவர்.

கோயில் தொல்பொருள் துறையிடம் போனது, கதை ஊரிடம் தங்கியது. கதை இல்லாமல் போயிருந்தால் இந்தக் கற்களில் இன்னும் எத்தனை, வீட்டு அஸ்திவாரமாகப் போயிருக்குமோ. 2022-ல் இந்தக் கோயிலையும் போரோபுதூர் பௌத்தத் தூபியையும் இந்துக்களும் பௌத்தர்களும் வழிபாட்டுக்குப் பயன்படுத்த அரசு ஒப்பந்தம் போட்டது. நான் போன காலையில் பூஜை எதுவும் இல்லை, செல்ஃபி மட்டும்தான்.

ராத்திரி திறந்தவெளி மேடையில் ராமாயண நாட்டிய நாடகம். 1961-லிருந்து நடக்கிறது. பின்னணியில் விளக்கு போட்ட கோயில். கூட்டமாக ஆடுகிற காட்சிகள் பரவாயில்லை, சுற்றுலாவுக்கான பளபளப்பு. ஆனால் மாய மானாக வந்த பெண்! கழுத்தை ஒரு வெட்டு வெட்டி நின்றாள் பாருங்கள், அதற்கே டிக்கெட் காசு சரியாகிவிட்டது.

புதன், யோக்யகர்த்தா

மெராப்பி எரிமலைக்குப் போகும் காலியுராங் சாலையில் இந்தோனேசிய இஸ்லாமியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 2009 டிசம்பரில் நூலகத்துக்கு அஸ்திவாரம் தோண்டினார்கள். மண்வெட்டியில் தட்டுப்பட்டது ஒரு சிவன் கோயில். பிள்ளையார், லிங்கம், நந்தி, எல்லாம் எரிமலை மண்ணுக்குள் ஆயிரம் வருஷத்துக்கும் மேலாக அப்படியே.

நம் ஊரில் இப்படி ஒன்று கிடைத்திருந்தால் என்னென்ன நடந்திருக்கும் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்தேன், அப்புறம் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். இங்கே நடந்தது இதுதான். கோயிலை இருந்த இடத்திலேயே விட்டார்கள், நூலகத்தின் வரைபடத்தை மாற்றினார்கள். இன்று கட்டடம் கோயிலுக்கு இடம் விட்டு நிற்கிறது. இடத்தின் பெயரால் கிம்புலான் கோயில், பல்கலைக்கழகம் சூட்டிய பெயர் புஸ்தகசாலா.

கோயில் சின்னது. பிரம்பானானைப் பார்த்துவிட்டு வந்தால் "இவ்வளவுதானா?" என்று இருக்கும். தாழ்ந்த கற்சுவர், நடுவே முற்றம். கல்லாலான கோபுரம் கிடையாது. மேலே மரத்தூணும் கூரையுமாக இருந்திருக்கலாம் என்கிறார்கள். அரசன் கட்டியதாகத் தெரியவில்லை, ஊரார் கட்டிய கோயில் மாதிரி இருக்கிறது. மேலே நூலகத்தில், தலையில் துணி போட்ட மாணவிகள் லேப்டாப்பில் ஏதோ அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி கீழே பிள்ளையாரைப் பார்த்தபடி போனில் அம்மாவிடம் சாப்பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள் (மாஸ்தான் ஒட்டுக் கேட்டுச் சொன்னார்). கோயில் அவர்களுக்கு அதிசயமாகவும் இல்லை, இடைஞ்சலாகவும் இல்லை.

திரும்பும் வழியில் சாம்பிசாரி கோயில். 1966-ல் உழவர் ஒருவரின் மண்வெட்டியில் பட்டது, கோயிலின் அடி தரையிலிருந்து ஆறரை மீட்டர் ஆழம். குளத்துக்குள் இறங்குவதுபோல் படியிறங்கிப் பார்க்க வேண்டும். இந்த வட்டாரத்தில் யார் எங்கே கிணறு வெட்டினாலும் கொஞ்சம் பயத்தோடுதான் வெட்ட வேண்டியிருக்கும்.

இரவு எட்டு மணிக்குச் சோனோபுதோயோ அருங்காட்சியகத்தில் வாயாங் கூலித், அதாவது தோல்பாவைக்கூத்து. கிராமத்தில் விடிய விடிய நடப்பதை இங்கே இரண்டு மணி நேரமாகச் சுருக்கிவிடுகிறார்கள். திரைக்குப் பின்னால் போய் உட்கார அனுமதி உண்டு, போய் உட்கார்ந்தேன். தாலாங் எனப்படும் கூத்துக்காரர் சப்பணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். முன்னால் படுக்க வைத்த வாழைத்தண்டு. பாவையின் எருமைக்கொம்புக் கம்பியை அதில் சதக்கென்று குத்தினால் பாவை நிற்கும். குத்திக் குத்தி வாழைச்சாறு பாயில் சொட்டிக்கொண்டே இருந்தது. கால் விரலிடுக்கில் மரச்சுத்தி ஒன்று. பெட்டியில் அதைத் தட்டித்தான் வாத்தியக்காரர்களுக்குச் சைகை. இரண்டு கையும் இரண்டு ராஜாக்களை ஆட்ட, வாய் இருவர் குரலும் பேச, கால் தாளம் போட, நடுவில் இடது கையால் கிரெத்தெக் என்ற கிராம்புச் சிகரெட்டை எடுத்து ஒரு இழுப்பு!

கதை மகாபாரதம். ஆனால் நம் மகாபாரதம் இல்லை. இங்கே திரௌபதி தருமனுக்கு மட்டும்தான் மனைவி. சிகண்டி முழுப் பெண்ணாகவே இருந்து அர்ஜுனனை மணக்கிறாள். தருமனிடம் ஒரு புனித ஏடு இருக்கிறது, பெயர் கலிமாசாதா. இஸ்லாத்தின் கலிமாதான் அது என்று பிற்காலத்தில் விளக்கம் சேர்ந்தது. சுனான் கலிஜாகா என்ற சூஃபி பெரியவர் தருமனுக்கு அதை வாசித்துக் காட்டினார் என்றுகூட ஒரு கதை. கூடவே செமார், காரெங், பெத்ருக், பாகோங் என்று நான்கு கோமாளிச் சேவகர்கள், இந்தியாவில் கேள்விப்படாதவர்கள். தொப்பை செமார் பார்க்க வேலைக்காரன், உள்ளே தெய்வம். அர்ஜுனனே அவனிடம்தான் புத்தி கேட்பான்.

பாலித்துங் மன்னர் காலத்து 907-ஆம் ஆண்டுச் சாசனம் ஒன்று வாயாங் ஆட்டத்தைக் குறிப்பிடுகிறது. அன்று ஆடிய கதை இளம் பீமனுடையது. அரசு போனது, மதம் மாறியது, டச்சுக்காரன் வந்து போனான். பீமன் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறான், நடுவில் பெட்ரோல் விலை பற்றி ஒரு ஜோக்கும் அடிக்கிறான்.

வியாழன், போரோபுதூர்

மேலே ஏற ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று அளவு வைத்திருக்கிறார்கள். நம் செருப்பைக் கழற்றிவிட்டு அவர்கள் தரும் 'உபானத்' என்ற நாரால் பின்னிய செருப்பைப் போட்டுக்கொள்ள வேண்டும். கல் தேயாமல் இருக்க இந்த ஏற்பாடு. செருப்பின் மாதிரியை இங்குள்ள சிற்பத்திலிருந்தே எடுத்திருக்கிறார்கள், பின்னுவது சுற்றுவட்டாரக் கிராமத்தார். ரொம்பப் பிடித்துப்போன யோசனை, காலில் கொஞ்சம் கடித்தாலும்.

504 புத்தர்கள், 72 துளைத் தூபிகள், 2,672 சிற்பப் பலகைகள். எண்களை வழிகாட்டிகள் ஒப்பிக்கிறார்கள். நான் கேட்டுக்கொண்டு போனது அடிவாரத்தின் தென்கிழக்கு மூலைக்கு. 160 சிற்பங்கள் கொண்ட அடித்தளத்தைக் கட்டும் காலத்திலேயே கற்களால் மூடிவிட்டார்கள், கட்டடம் சரியாமல் இருக்க முட்டுக் கொடுத்தது என்பது பெரும்பாலோர் கருத்து. 1885-ல்தான் அப்படி ஒன்று இருப்பதே தெரிந்தது. கல்லை எடுத்து, காசியன் செபாஸ் என்ற ஜாவாக்காரர் அத்தனையையும் புகைப்படம் எடுத்து முடித்ததும் மறுபடி மூடினார்கள். இந்த மூலையில் மட்டும் சில பலகைகள் திறந்து கிடக்கின்றன.

வினைப்பயன் கதைகள். புறங்கூறுபவன், குடிப்பவன், அவனவனுக்குக் கிடைப்பது. ஒரு பலகையின் மேல் விளிம்பில் கீறலாக ஒரு சொல்: 'விரூப'. அசிங்கமான முகம் வேண்டும் என்று சிற்பிக்கு மேஸ்திரி எழுதிவைத்த குறிப்பு. வேலை முடிந்ததும் அழித்திருக்க வேண்டும், அழிக்கவில்லை. கீழே கோணல் வாய் முகங்கள் வரிசையாக. மேலே இருக்கும் அத்தனை புத்தர்களைவிட இந்தக் குறிப்பில்தான் கட்டியவர்கள் எனக்குக் கைக்கெட்டும் தூரத்தில் தெரிந்தார்கள்.

மேலே முதல் சுற்றில் கப்பல் சிற்பங்கள் இருக்கின்றன. பக்கவாட்டு மிதவைகளோடு, பாய் விரித்து, அலை மேல் ஏறும் கப்பல்கள். சிற்பத்தைப் பார்த்துக் காங்கேயான் தீவின் தச்சர்கள் ஒரு கப்பல் கட்டினார்கள். சமுத்ர ரக்ஷா என்ற அந்தக் கப்பல் 2003-ல் ஜகார்த்தாவில் கிளம்பி, மடகாஸ்கர் வழியாக நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, 2004-ல் கானாவின் அக்ரா போய்ச் சேர்ந்தது. இப்போது இங்கேயே கொட்டகையில் நிற்கிறது. வரைபடம் தேவைப்படாத தச்சர்கள் இன்னும் இருந்ததால்தான் அந்தச் சிற்பம் கடலில் மிதந்தது. கல்லை மட்டும் பாதுகாத்துவிட்டு இந்தக் கைகளை விட்டிருந்தால் அது அலங்காரப் படமாகவே நின்றிருக்கும்.

ஒன்றை மட்டும் சொல்லாமல் போக முடியாது. 1980-களில் இந்தப் பூங்கா அமைக்க, கோயிலடியில் காலகாலமாக இருந்த கிராமத்துக் குடும்பங்களை அப்புறப்படுத்தினார்கள். உலகத்துச் சொத்து என்று பெயர் வாங்கியபோது ஊரின் சொத்து என்பது கொஞ்சம் கழிந்துபோனது. செருப்புப் பின்னல் வேலை அந்தக் கணக்கைத் தீர்க்குமா, தெரியவில்லை.

வெள்ளி, கிரிலோயோ

இமோகிரி மலையடிவாரத்தில் பாத்திக் (மெழுகால் கோலமிட்டுச் சாயமேற்றும் துணி) கிராமம். திண்ணையில் நான்கைந்து பெண்கள், நடுவே அடுப்பில் மெழுகுச் சட்டி. சாந்திங் என்ற சின்னச் செம்புக் குழாய்ப் பேனாவை மெழுகில் முக்கி, வாயருகே கொண்டுபோய் ஊதி, துணியில் கோடு இழுக்கிறார்கள். ஊதாவிட்டால் மெழுகு சொட்டிவிடும், அதிகம் ஊதினால் உறைந்துவிடும். ஒரு பக்கம் முடிந்ததும் துணியைத் திருப்பி அதே கோட்டை மறுபக்கம். எனக்கும் ஒரு கைக்குட்டை கொடுத்தார்கள். என் பூவைப் பார்த்து மூத்த அம்மா, "நவீன பாணி," என்றார்.

பாராங் என்ற சாய்வுக் கோட்டு வடிவம் அரச குடும்பத்துக்கானது. இன்றும் சுல்தானின் அரண்மனைக்குள் நீங்கள் அதை உடுத்திக்கொண்டு போக முடியாது. 2009 அக்டோபர் 2-ல் பாத்திக்கை யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். அதிலிருந்து அந்தத் தேதி பாத்திக் தினம், நாடு முழுக்க ஆபீஸ்களில் பாத்திக் உடுத்துகிறார்கள். அதில் பெரும்பகுதி அச்சடித்த துணி என்று அந்த அம்மா உதட்டைப் பிதுக்கினார். கையால் எழுதினால் ஒரு துணிக்கு மாதக்கணக்கில் ஆகும். ஆபீஸ்காரர் எத்தனை பேர் வாங்குவார்கள், சொல்லுங்கள்.

சனி, குடுஸ்

வடகடற்கரை ஊர். இறங்கியதும் கிராம்பு வாசனை, கிரெத்தெக் சிகரெட் பிறந்த ஊர் இது. பழைய மசூதியின் முன்னால் நிற்கும் செங்கல் கோபுரத்தைப் பார்த்தால் மஜாபாஹித் காலக் கோயில் என்றுதான் சொல்வீர்கள். அதே அடுக்கு, அதே இடை ஒடுக்கம், சுவரில் பதித்த பீங்கான் தட்டுகள் மட்டும் கூடுதல். உச்சியில் தொழுகை நேரத்துக்கு அடிக்கும் பெதுக் முரசு. மசூதியின் கல்வெட்டு ஹிஜ்ரி 956, அதாவது 1549 என்கிறது. உள்முற்றத்துக்குப் போகும் வழியிலும் பிளந்த கோபுர வாசல்கள். பாலியில் கோயிலுக்குக் கோயில் பார்ப்போமே, அதுதான்.

கட்டியவர் சுனான் குடுஸ், ஜாவாவில் இஸ்லாத்தைப் பரப்பிய ஒன்பது பெரியவர்களில் ஒருவர். ஊரில் இந்துக்கள் மனம் நோகக் கூடாதென்று பசுவை அறுக்க வேண்டாம் என்றாராம். அந்தப் பேச்சு இன்றும் நிற்கிறது. பக்ரீத்துக்கும் எருமைதான். மதியம் நான் சாப்பிட்ட சோத்தோ சூப்பும் எருமைக் கறி, சின்னக் கிண்ணத்தில், வறுத்த பூண்டு தூவி. இப்போது இங்கே இந்துக்கள் விரல்விட்டு எண்ணுமளவுதானே, பின் எதற்கு இன்னும் என்று கடைக்கார இபுவிடம் (அம்மாவிடம்) கேட்டேன்.

"சுனான் சொன்னார். அப்புறம் எருமைதான் ருசி," என்றார். இரண்டில் எது முதல் காரணம் என்று அவர் முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை.

திங்கள், மொஜோகெர்த்தோ

ஞாயிறு முழுக்கப் பேருந்தின் ஏசியில் உட்கார்ந்து வந்ததில் சளி, காய்ச்சல். அறையை விட்டு வெளியே போகவில்லை. விடுதி அம்மா மாத்திரையைக் கையில் எடுக்கவிடாமல் இஞ்சி, மஞ்சள், புளி, பனைவெல்லம் போட்ட ஜாமு கொண்டுவந்தார். நம் வீட்டுக் கஷாயத்தைவிடக் குடிக்க நன்றாக இருந்தது. 2023-ல் ஜாமுவும் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிவிட்டது என்றேன். அவருக்கு அது செய்தி. "எதற்கு?" என்று கேட்டுவிட்டு டம்ளரை வாங்கிக்கொண்டு போனார்.

செவ்வாய், த்ரோவுலான்

மஜாபாஹித் தலைநகர் இங்கேதான் இருந்தது என்று கொள்கிறார்கள். 1293-ல் தொடங்கி இருநூறு ஆண்டுகளுக்கு மேல் இருந்த பேரரசு. தேசியச் சின்னத்தில் கருடன் காலில் பிடித்திருக்கும் 'பின்னேகா துங்கல் இகா' என்ற வாசகமே இந்தக் காலத்துப் புலவர் ம்பு தந்துலார் எழுதிய காவியத்திலிருந்து எடுத்தது. வேறாயினும் ஒன்றே என்று அவர் சொன்னது புத்தரையும் சிவனையும் பற்றி. குடியரசு அதை நூற்றுக்கணக்கான இனங்களுக்கும் மொழிகளுக்குமாக விரித்துக்கொண்டது.

பெரிய கோயில் எதையும் எதிர்பார்த்து வராதீர்கள். வயலுக்கு நடுவே செங்கல் வாசல்கள், ஒரு நீராடும் குளம், செகாரான் என்ற பெரிய ஏரி. சோழ மண்டலத்திலிருந்து போகிறவர்களுக்குக் கல் இல்லாத தலைநகர் கொஞ்சம் ஏமாற்றமாகவே இருக்கும். த்ரோலோயோ கல்லறைத் தோட்டம் மட்டும் அதை ஈடுகட்டிவிடும். மீசான் கல்லின் ஒரு முகத்தில் அரபு வாசகம், இன்னொரு முகத்தில் ஜாவா எண்களில் சக ஆண்டு, சிலவற்றில் மஜாபாஹித்தின் கதிர் வீசும் சூரியன். பழைய தேதிகள் 1370-களில் வருகின்றன. ஹயாம் வுருக் அரியணையில் இருக்கும்போதே தலைநகரில் முஸ்லிம்கள் வாழ்ந்து, இறந்து, அரசுச் சூரியனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு அடங்கியிருக்கிறார்கள். இந்து அரசை இஸ்லாம் வந்து ஒரே நாளில் கவிழ்த்தது என்று கதை சொல்பவர்களை இங்கே ஒரு முறை கூட்டி வரலாம்.

மண்ணே செங்கல் மண். ஊரில் சூளைக்குக் குறைவில்லை. பழைய நகரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு அதே மண்ணை வெட்டிப் புதுச் செங்கல் சுடுகிறார்கள். ஏழை உழவனைத் திட்டுவது சுலபம். ஆனால் 2008-ல் மஜாபாஹித் தகவல் மையம் கட்டுகிறேன் என்று அரசே தோண்டி, பழைய சுவர்களை உடைத்து, எதிர்ப்பு கிளம்பியதும் வேலையை நிறுத்தியது. இப்போது பெஜிஜோங் கிராமத்து வீடுகளுக்கு முன்பக்கம் மட்டும் மஜாபாஹித் பாணியில் செங்கல் முகப்பு கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். பின்னால் போனால் அதே பழைய சிமெண்ட் வீடு, துணி காயப்போட்ட கொடி.

சுடுமண் உருவங்களுக்காகவே அருங்காட்சியகத்தில் அரை நாள் இருக்கலாம். பன்றி வடிவ உண்டியல்கள், விரலளவு வீடுகள், குண்டுக் கன்ன முகங்கள். இங்கே கிடைத்த அப்படி ஒரு முகத்தைத்தான் 1940-களில் முகமது யாமின் என்ற தேசியவாத எழுத்தாளர் கஜா மடாவின் முகம் என்று பதிப்பித்தார். தடித்த உதடு, பருத்த கன்னம். ஆதாரம் எதுவும் கிடையாது. அந்த முகமே பாடப் புத்தகத்துக்குப் போய், சிலையாகி, நாட்டில் எல்லோர் மனதிலும் பதிந்துவிட்டது.

பெஜிஜோங்கில் வெண்கல வார்ப்பவர்கள் இருக்கிறார்கள். சுவாமிமலையில் பார்த்த அதே மெழுகு வார்ப்பு. மெழுகில் உருவம் செய்து, மண் பூசி, சுட்டு, மெழுகை ஓட்டிவிட்டு உலோகம் ஊற்றுகிறார்கள். பட்டறையில் கணேசர், புத்தர், பிரஜ்ஞாபாரமிதை. வெள்ளைத் தொப்பி போட்ட பெரியவர் சிறிய அரத்தால் ஒரு தாரா தேவியின் மூக்கை ராவிக்கொண்டிருந்தார். சரக்கு பாலிக்குப் போகிறதாம், வெளிநாட்டுக்கும் போகிறதாம். மூலையில் ஓர் ஆள் உயரக் கஜா மடா, மெழுகு நிலையில்.

"பாக், இந்த முகத்துக்கு மாதிரி எது? மியூசியத்தில் இருக்கும் சுடுமண்ணா?"

"அது எதற்கு? நான் பள்ளிக்கூடத்தில் படித்த முகம்தான்," என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "ஆர்டர் கொடுத்த ஆபீசர் கன்னத்தைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லியிருக்கிறார். வீரனுக்கு இவ்வளவு கன்னம் இருக்காதாம்."